கரண்ட் வயர் வழியாகவே வீட்டைக் கட்டுப்படுத்தலாமா?

நீங்கள் கேட்டது இது. திருச்சிப் பக்கம் உங்கள் பெற்றோர் இருக்கும் வீடு தொண்ணூறுகளில் கட்டியது. கீழ்த்தளம், மாடி, மூன்று பேஸ் இணைப்பு. ஹாலுக்கும் படுக்கையறைகளுக்கும் இன்வெர்ட்டர் லைன். கொல்லையில் நாற்பது மீட்டர் தள்ளி மோட்டார் ரூம். லைட், ஃபேன், கீசர், மோட்டார் எல்லாவற்றையும் மொபைலிலிருந்து போட்டு அணைக்க வேண்டும். அம்மாவுக்கு மூட்டு வலி, மோட்டாரை அணைக்க ஒவ்வொரு தடவையும் கொல்லைக்கு நடக்க வைக்க மனமில்லை. சுவரை உடைக்கவும் மனமில்லை. இருக்கிற கரண்ட் வயரிலேயே சிக்னல் அனுப்பும் முறை ஒன்று இருக்கிறதாமே, அது நல்லதா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லைட்டையும் ஃபேனையும் போட்டு அணைக்க இந்த முறை வேண்டாம். மோட்டார் ரூம் வரை இணையத்தைக் கொண்டுபோக அதே வயரைத் தாராளமாக முயன்று பார்க்கலாம். ஒரே வயர்தானே, ஒன்றுக்கு ஆகும், இன்னொன்றுக்கு ஆகாது என்றால் எப்படி என்று தோன்றும். அதை விளக்கத்தான் இவ்வளவு நீளம்.

கரண்ட் வயர் வழியாக வீட்டைக் கட்டுப்படுத்தும் முறைகளில் மூத்தது எக்ஸ்-10. ஸ்காட்லாந்தின் கிளென்ராத்தஸ் ஊரில் இருந்த பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் 1975-இல் உருவாக்கியது. கால்குலேட்டர் சிப் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். இது அவர்களுடைய பத்தாவது திட்டம், அதனால்தான் அந்தப் பெயர். 1978-இல் அமெரிக்காவில் ரேடியோ ஷாக், சியர்ஸ் கடைகளில் விற்பனைக்கு வந்தது. இன்டர்நெட் இல்லை, வைஃபை இல்லை, மொபைல் இல்லை. படுக்கையறையில் ஒரு சின்னப் பெட்டியில் பட்டனை அழுத்தினால் வாசல் விளக்கு எரியும். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். அப்போது வாங்கி மாட்டியதைப் பல ஆண்டுகள் ஓட்டியவர்கள் அமெரிக்காவில் நிறைய பேர்.

வேலை செய்யும் விதமும் அழகானது. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு ஐம்பது தடவை ஏறி இறங்குகிறது. அப்படி ஏறி இறங்கும்போது விநாடிக்கு நூறு தடவை மின்னழுத்தம் பூஜ்யத்தைத் தொட்டுக் கடக்கும். அந்தக் கணத்தில் வயரில் இரைச்சல் பொதுவாகக் குறைவு. எக்ஸ்-10 அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, 120 கிலோஹெர்ட்ஸில் ஒரு மில்லி விநாடி நீளத்துக்கு ஒரு சின்னத் துடிப்பை வயரில் ஏற்றும். துடிப்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அடுத்த தடவை பூஜ்யத்தைக் கடக்கும்போது அதையே தலைகீழாக அனுப்பும், சரிபார்ப்பதற்காக. வீட்டுக்கு ஒரு எழுத்து, கருவிக்கு ஒரு எண். பதினாறு எழுத்து, பதினாறு எண், மொத்தம் 256 முகவரிகள். முதலில் 'இன்ன கருவி' என்று இரண்டு தடவை சொல்லும், கொஞ்சம் இடைவெளி விட்டு 'எரி' அல்லது 'அணை' என்று இரண்டு தடவை சொல்லும். எல்லாம் சேர்ந்து 47 சுழற்சி. நம் ஐம்பது ஹெர்ட்ஸில் கணக்குப் போட்டால் 0.94 விநாடி. சுவிட்சைத் தட்டினால் ஏறக்குறைய ஒரு விநாடி கழித்துத்தான் விளக்கு எரியும்.

ஒரு விநாடி தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய சிக்கல், இது ஒருவழிப் பேச்சு என்பது. விளக்குக்கோ கருவிக்கோ முன்னால் மாட்டும் சின்னப் பெட்டிக்கு மாட்யூல் என்று பெயர். சாதாரண எக்ஸ்-10 மாட்யூல் 'செய்துவிட்டேன்' என்று திரும்பச் சொல்லாது. கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று தெரிய வேண்டுமானால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். வாசல் விளக்குக்கு அது பரவாயில்லை. மோட்டாருக்கு? அணைந்ததா இல்லையா என்று தெரியாத மோட்டாரைச் சென்னையில் இருந்துகொண்டு நீங்கள் எப்படி நம்புவீர்கள்?

இந்த முறையின் நல்ல பக்கத்தையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சும்மா புகழ்ச்சி இல்லை. வயர் ஏற்கெனவே வீட்டில் எல்லா மூலைக்கும் போயிருக்கிறது. புதிதாக எதையும் இழுக்க வேண்டாம், கான்கிரீட்டில் காடி வெட்ட வேண்டாம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், அதற்கு மேல் ஆர்சிசி தளம், இவற்றைத் தாண்டி மாடிக்குப் போகையில் ரேடியோ அலை திணறும், வயர் திணறாது. கருவிக்கு வேண்டிய மின்சாரமும் அதே வயரில் கிடைக்கிறது, பேட்டரி மாற்றும் வேலை இல்லை. முக்கியமாக, எங்கோ ஒரு நாட்டில் இருக்கும் சர்வரை நம்பி இது ஓடவில்லை. இன்டர்நெட் போனாலும் வீட்டுக்குள் எல்லாம் நடக்கும். இன்று விற்கும் பல 'ஸ்மார்ட்' கருவிகளுக்கு இந்தக் குணம் கிடையாது.

இவ்வளவு நல்லது இருந்தும் ஏன் வேண்டாம் என்கிறேன்?

அந்த வயர் சிக்னலுக்காகப் போட்ட வயர் இல்லை, அதுதான் காரணம். அதில் நீங்கள் இன்று மாட்டியிருக்கும் ஒவ்வொரு கருவியும், நாளை வாங்கப்போகும் ஒவ்வொரு கருவியும் அந்தச் சிக்னலுக்கு என்ன செய்யும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

ஒரு கம்ப்யூட்டர் பவர் சப்ளையைத் திறந்து பாருங்கள். பிளக்கைக் கழற்றி, உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் இறங்கக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு. கரண்ட் உள்ளே நுழையும் இடத்திலேயே மஞ்சள் நிறத்தில் சதுரமாக ஒரு கெப்பாசிட்டர், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே உட்கார்ந்திருக்கும். மேலே 0.1 அல்லது 0.47 மைக்ரோஃபாரட் என்ற மாதிரி எழுதியிருக்கும். பவர் சப்ளையின் இரைச்சல் வெளியே வயருக்குப் போகாமல் தடுக்க வைத்தது அது. நல்ல கம்பெனி கருவியில் கட்டாயம் இருக்கும். இப்போது கணக்கைப் பாருங்கள். 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஐம்பது ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குக் காட்டும் தடை சுமார் 32,000 ஓம். மின்சாரத்தைப் பொறுத்தவரை அது அங்கே இல்லாத மாதிரிதான். அதே கெப்பாசிட்டர் 120 கிலோஹெர்ட்ஸ் சிக்னலுக்குக் காட்டும் தடை வெறும் 13 ஓம். டிவி, வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், இன்வெர்ட்டர் ஏசி என்று பத்துக் கருவிகளில் இப்படிப் பத்துக் கெப்பாசிட்டர் இணையாக உட்கார்ந்தால் தடை 1.3 ஓமுக்கு இறங்கிவிடும். மாட்யூலிலிருந்து சில வோல்ட் அளவில் கிளம்பும் சிக்னல், ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீராக, போகிற வழியிலேயே வடிந்துவிடும்.

கவனியுங்கள், இதில் எந்தக் கருவியும் பழுதில்லை. எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன. கருவி எவ்வளவு தரமாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாகவே சிக்னலை விழுங்கும். அதனால்தான் இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கவே கஷ்டம். நேற்று வரை எரிந்த மாடி விளக்கு இன்று கேட்காது. என்ன மாறியது என்று பார்த்தால், அப்பா புது டிவி வாங்கியிருப்பார். அல்லது ஹாலில் லேப்டாப் சார்ஜர் ஏறியிருக்கும். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்துத்தான் குற்றவாளியைப் பிடிக்க வேண்டும், பிடித்த பிறகு அந்தக் கருவிக்கு முன்னால் ஒரு ஃபில்டர் மாட்ட வேண்டும். வயதான இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் இந்தத் துப்பறியும் வேலையை யார் செய்வது?

விழுங்குவது ஒரு பக்கம். கத்துவது இன்னொரு பக்கம். மலிவான எல்இடி பல்பு, பெயர் தெரியாத மொபைல் சார்ஜர், பழைய ட்ரையாக் ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் வயரில் இரைச்சலைக் கொட்டும். வீட்டில் பழைய மீடியம் வேவ் ரேடியோ இருந்தால் நீங்களே கேட்கலாம். ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எந்தப் பல்பைப் போட்டதும் 'கர்ர்' என்று கூடுகிறதோ, அதுதான் வயரை அழுக்காக்கும் பல்பு. ரேடியோ கேட்பது எக்ஸ்-10 பயன்படுத்தும் அதே அலைவரிசை இல்லை என்றாலும், வீட்டு வயரின் நிலைமை ஓரளவு புரிந்துவிடும். எழுபதுகளின் வீட்டில் குண்டு பல்பும் கம்பிச் சுருள் ஹீட்டரும் இருந்தன, அவை சத்தமே போடாது. அந்த வீட்டுக்காகச் செய்த முறை இது. இன்று பிஎல்டிசி ஃபேன் வரைக்கும் உள்ளே ஒரு எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது.

அடுத்தது உங்கள் வீட்டுக்கே உரிய சிக்கல், மூன்று பேஸ். அமெரிக்க வீடுகளுக்கு 120 வோல்ட்டில் இரண்டு லைன் வரும். ஒரு லைனில் அனுப்பிய சிக்னல் மற்ற லைனில் உள்ள கருவிக்குப் போக வேண்டுமானால், தெருவில் இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் வரை போய்த் திரும்ப வேண்டும். வழியில் தேய்ந்துவிடும். அங்கே எக்ஸ்-10 வைத்திருந்தவர்கள் விசித்திரமான ஒன்றைக் கவனித்தார்கள்: மின்சார அடுப்பையோ துணி உலர்த்தும் இயந்திரத்தையோ போட்டிருக்கும்போது மட்டும் சில விளக்குகள் கேட்கும், அணைத்தால் கேட்காது. காரணம், அந்தக் கருவிகள் 240 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றின் சுருள் இரண்டு லைனையும் இணைக்கும் பாலமாகிவிடுகிறது. பிறகு அதற்கென்றே ஒரு கப்ளர் விற்றார்கள்.

நம் வீட்டில் ஆர், ஒய், பி என்று மூன்று. கீழ்த்தளம் ஒரு பேஸில், மாடி வேறொன்றில், மோட்டார் மூன்றாவதில் இருக்கும். மூன்றுக்கும் நடுவே கப்ளர் போட வேண்டும். எம்சிபி எல்லாம் இருக்கும் டிபி பாக்ஸுக்குள், பேஸுக்குப் பேஸ் 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும் இடத்தில், அதைப் பார்த்திராத எலக்ட்ரீஷியன் கையால். அப்புறம், ஒரு பேஸ் போய்விட்டால் அப்பா என்ன செய்வார்? சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்பி அந்த லைனை வேறு பேஸுக்கு மாற்றுவார். நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். சிக்னல் போகும் பாதை அந்தக் கணமே மாறிவிடும்.

இன்வெர்ட்டரும் இதே வகை. கரண்ட் இருக்கும்போது இன்வெர்ட்டர் லைனும் ஈபி லைனும் உள்ளே ஒரு ரிலே, அதாவது தானாக மாறும் சுவிட்ச், வழியாகச் சேர்ந்திருக்கும். கரண்ட் போனதும் ரிலே பிரித்துவிடும், சிக்னல் பாதையும் அறுந்துவிடும். உங்களுடையது சைன் வேவ் இல்லாத பழைய மாடல் என்றால் இன்னொரு தொல்லை: அதன் வெளியீடு படிப்படியாக வெட்டிய அலை, வெட்டு விளிம்புகள் பூஜ்யத்தை ஒட்டியே விழும். சிக்னல் அமைதியாக இருக்கும் என்று தேடிப் போகும் இடத்திலேயே இரைச்சல்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எக்ஸ்-10-இல் பாஸ்வேர்டு என்பதே கிடையாது. மீட்டர் சிக்னலை முழுதாகத் தடுக்காது. பக்கத்து வீட்டுக்காரர் அதே எழுத்தை வைத்திருந்தால் அவர் பட்டனுக்கு உங்கள் வீட்டு விளக்கு எரியலாம். அமெரிக்காவில் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மருக்கு ஒரு சில வீடுகள்தான். நம் ஊரில் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மரில் ஒரு தெருவே தொங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் பழைய அமெரிக்க எக்ஸ்-10 செட் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அவை 120 வோல்ட், அறுபது ஹெர்ட்ஸுக்கானவை. 230 வோல்ட்டில் சொருகினால் எரிந்துவிடும். ஐரோப்பாவுக்கென்று 230 வோல்ட் மாட்யூல்கள் வந்தன, ஆனால் பழுதானால் மாற்று எங்கே தேடுவீர்கள்?

இந்தக் குறைகள் செய்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை. யூபிபி என்ற முறை, சின்னத் துடிப்புக்குப் பதில் நாற்பது வோல்ட் அளவில் பலமான குத்துகளை வயரில் ஏற்றியது. எக்ஸ்-10-ஐவிட எவ்வளவோ மேல். 2005-இல் வந்த இன்ஸ்டியான் வேறு வழி பிடித்தது. அதே செய்தியை வயரிலும் ரேடியோவிலும் அனுப்பும், ஒவ்வொரு கருவியும் தான் கேட்டதைத் திரும்பச் சொல்லிப் பரப்பும், வந்துசேர்ந்ததற்குப் பதிலும் வரும். வயர் வழி முறைகளில் வீட்டுக்கென்று வந்தவற்றில் இதுதான் சிறந்தது என்பது என் எண்ணம். ஆனால் 2022 ஏப்ரலில் அந்த நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுவிட்டன. மொபைல் ஆப்பை நம்பியிருந்தவர்கள் தவித்துப் போனார்கள். அதே ஆண்டு வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து அதை வாங்கி மறுபடி ஓடவிட்டார்கள். அந்த இடைவெளியிலும் சுவிட்சுக்குச் சுவிட்ச் நேரடியாக இணைத்திருந்தவர்கள் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வயரோ ரேடியோவோ, எதை வாங்கினாலும் வீட்டுக்குள்ளேயே முடிகிற முறையாகப் பார்த்து வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இதே வயர் வழி முறை இன்னொரு இடத்தில் பிரமாதமாக வெற்றி பெற்றிருக்கிறது. இத்தாலியின் எனல் மின் நிறுவனம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்று கோடிக்கு மேற்பட்ட வீட்டு மீட்டர்களை மாற்றியது. அவை யூனிட் கணக்கைக் கரண்ட் வயர் வழியாகவே ட்ரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் பெட்டிக்கு அனுப்பும். அங்கே மட்டும் எப்படி ஆனது? மீட்டர் அனுப்புவது சில எண்கள். இப்போது போகவில்லையா, பத்து நிமிஷம் கழித்துப் போகட்டும். இரவு முழுக்க முயலலாம், யாரும் காத்திருக்கவில்லை. சுவிட்ச் அப்படி இல்லை. தட்டினால் அந்தக் கணமே எரிய வேண்டும், இருட்டில் நிற்பவர் பத்து நிமிஷம் பொறுக்க மாட்டார். மொட்டை மாடியில் சோலார் போடும் எண்ணம் இருந்தால், சில மைக்ரோ இன்வெர்ட்டர்களும் தங்கள் கணக்கைக் கரண்ட் வயரிலேயே அனுப்புவதைப் பார்ப்பீர்கள். அங்கேயும் இதே கதைதான், அவசரமில்லாத தகவல்.

சரி, இப்போது உங்கள் வீட்டுக்கு என்ன செய்யலாம்?

உட்புற லைட், ஃபேனுக்கு சுவிட்ச் போர்டின் பின்னால் வைக்கும் சின்ன ரிலே மாட்யூல்கள் போதும். இதில் நம் ஊர் வயரிங்குக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அமெரிக்கப் பழைய வீடுகள் பலவற்றில் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வயர் இருக்காது. அங்கே எலக்ட்ரானிக் சுவிட்ச் மாட்டுவது தலைவலி. நம் வீட்டில் ஒரு போர்டைக் கழற்றினால் சுவிட்ச், ரெகுலேட்டர், கீழே ஒரு ஐந்து ஆம்பியர் பிளக் பாயின்ட் எல்லாம் ஒரே சட்டத்தில் இருக்கும். பிளக் பாயின்ட் இருந்தால் கறுப்பு நியூட்ரலும் அங்கே வந்திருக்கும், பெரும்பாலும் பச்சை எர்த்தும். மாட்யூலுக்கு வேண்டியது பேஸும் நியூட்ரலும்தான். பத்து நிமிஷ வேலை. பிளக் பாயின்ட் இல்லாத போர்டு மாடிப்படியில் ஒன்றிரண்டு இருக்கலாம், அவற்றை விட்டுவிடுங்கள்.

வைஃபை மாட்யூலா, ஜிக்பீயா? ஜிக்பீ என்பது வீட்டுக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒரு ரேடியோ முறை. உங்கள் வீட்டுக்கு ஜிக்பீ. ஈபி கரண்டிலேயே உயிரோடு இருக்கும் ஒவ்வொரு மாட்யூலும் அடுத்ததற்குச் செய்தியைக் கடத்தும். அதனால் கீழிருந்து மாடிக்கு ஒரே தாவலில் போக வேண்டியதில்லை, படிக்கட்டுப் பக்கத்து மாட்யூல் நடுவே தோள் கொடுக்கும். வைஃபை என்றால் ஒவ்வொரு மாட்யூலும் நேராக ரவுட்டரோடு பேச வேண்டும். கனெக்ஷனோடு இலவசமாகத் தரும் ரவுட்டர்கள் பல, இருபது முப்பது கருவி ஏறினாலே மூச்சு வாங்கும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் சுவருக்குள் பதித்த பெட்டி பெரும்பாலும் ஜிஐ தகரம். மாட்யூலைத் தகரப் பெட்டியின் அடியில் அமுக்கி வைத்தால் அலை வெளியே வராது. பிளாஸ்டிக் முகப்பை ஒட்டி, முன்பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், கையால் தட்டும் சுவிட்ச் முன்போலவே வேலை செய்யும்படி இணைக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் ஆப்பைத் தேடிக்கொண்டு இருட்டில் நிற்கக் கூடாது. கட்டுப்பாட்டு மையத்துக்கு ஹோம் அசிஸ்டன்ட் போன்ற, வீட்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருளை ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் போட்டு இன்வெர்ட்டர் லைனில் வைத்துவிடுங்கள்.

கீசர் 2,000 வாட் என்றால் ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும். பத்து ஆம்பியர் என்று எழுதிய மாட்யூலில் அதை ஏற்றாதீர்கள். பதினாறு ஆம்பியர் மாட்யூலாகப் பாருங்கள், அல்லது மாட்யூல் ஒரு கான்டாக்டரை (அதிகக் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) இயக்கட்டும், கான்டாக்டர் கீசரை இயக்கட்டும். மூன்று பேஸ் வீட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எங்காவது நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் லைனில் 400 வரை ஏறிவிடும், வயர் வழியோ ரேடியோவோ எல்லா மாட்யூலும் சேர்ந்து போகும். டிபி-யில் ஓவர் வோல்டேஜ் தடுப்பான் ஒன்று போட்ட பிறகு மற்ற செலவுகளைத் தொடங்குங்கள்.

மோட்டாரில்தான் நான் அதிகம் நிதானிக்கச் சொல்வேன். போர்வெல் சிங்கிள் பேஸ் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால் இரண்டு கெப்பாசிட்டர் இருக்கும், ஒன்று ஸ்டார்ட்டுக்கு, ஒன்று ஓட்டத்துக்கு. பல பெட்டிகளில் பச்சை பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் சேரும். கையை எடுத்ததும் அது விலகிவிடும். வெறும் ரிலே ஒன்றைக் கரண்ட் பாதையில் போட்டு ஆன் செய்தால் மோட்டார் உறுமும், சுற்றாது, காயில் சூடாகும். தானாக ஸ்டார்ட் ஆகும் பேனலாக முதலில் மாற்ற வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் வசதியும் அதிலேயே இருக்கும்படி பாருங்கள். நம் விவசாயிகள் வைத்திருக்கும் சிம் கார்டு ஸ்டார்ட்டர் இதையெல்லாம் சேர்த்தே செய்கிறது. ஒரு போன் கால் போதும், வைஃபையே வேண்டாம்.

அம்மாவின் மூட்டு வலிக்கு இதைவிட நேரடியான மருந்தும் இருக்கிறது. மாடி டேங்கில் நீர்மட்டத்தைப் பார்த்துத் தானாக மோட்டாரைப் போட்டு நிறுத்தும் கன்ட்ரோலர். மொபைலைக்கூட எடுக்க வேண்டியதில்லை. இது முதல் செலவாக இருக்கட்டும். லைட், ஃபேன் எல்லாம் பிறகு.

அப்படியானால் கரண்ட் வயர் எங்கே உதவும்? மோட்டார் ரூமில் ஒரு கேமரா வைக்க வேண்டும், அங்கே வைஃபை எட்டவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத்தான் பவர்லைன் அடாப்டர். ஒன்றை ரவுட்டர் பக்கத்தில் சொருகி ஈதர்நெட் கேபிள் கொடுக்க வேண்டும், இன்னொன்றை மோட்டார் ரூமில் சொருகினால் இணையம் அங்கே இறங்கும். ஹோம்பிளக் என்ற தரத்தில் 2001-இல் 14 மெகாபிட் என்று தொடங்கிய விஷயம், 2005-இல் 200 மெகாபிட் ஆனது. எக்ஸ்-10 போல ஒரே அலைவரிசையை நம்பாமல், சுமார் 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன அலைவரிசைகளில் செய்தியைப் பிரித்து அனுப்புகிறது. எது இரைச்சலாக இருக்கிறதோ அதை விட்டுவிட்டு மற்றவற்றில் போகும், போய்ச் சேராத துண்டை மறுபடி அனுப்பும். அதனால்தான் எக்ஸ்-10 விழும் இடத்தில் இது நிற்கிறது. வேகம் குறையும், ஆனால் அறுந்துபோவது அரிது. இதே குடும்பத்து நுட்பம்தான் இன்று மின்சாரக் காரும் வேகச் சார்ஜரும் பேசிக்கொள்ளவும் பயன்படுகிறது. அங்கே அதற்கென்று தனி வயரே கொடுத்துவிட்டார்கள்.

பெட்டியில் 600, 1000 என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். அது ஆய்வுக்கூட வேகம். 600 என்று எழுதிய பல மாடல்களில் கேபிள் சொருகும் துளையே 100 மெகாபிட்டைத் தாண்டாது. உங்கள் கேமராவுக்குச் சில மெகாபிட் போதும், எனவே கவலையில்லை. அடாப்டரை நேராகச் சுவர் பாயின்டில் சொருகுங்கள். ஸ்பைக் பஸ்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ யூபிஎஸ்ஸிலோ சொருகினால் நான் மேலே சொன்ன அதே மஞ்சள் கெப்பாசிட்டர்கள் விழுங்கிவிடும். கடையிலிருந்து வந்த நிலையில் ஒரே தரத்து அடாப்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான சாவிதான் (செய்தியைப் பூட்டும் ரகசியக் குறியீடு) இருக்கும். பக்கத்து வீட்டிலும் ஒன்று இருந்தால் இரண்டும் சேர்ந்துவிடும். வாங்கிய அன்றே இரண்டிலும் ஜோடி சேர்க்கும் பட்டனை அழுத்திச் சாவியை மாற்றிவிடுங்கள். வீட்டு வயருக்குக் கவசம் இல்லாததால் அது ஓரளவு ஆன்டெனாவாகவும் நடந்துகொள்ளும், ஷார்ட்வேவ் கேட்பவர்களுக்கு இரைச்சல் போகும். ஹாம் ரேடியோ அலைவரிசைகளை இந்தக் கருவிகள் தவிர்த்துவிடும்படி செய்திருக்கிறார்கள், இருந்தாலும் பக்கத்தில் ஹாம் நண்பர் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வாங்கும் முன் ஒன்றே ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: ரவுட்டர் இருக்கும் பாயின்டும் மோட்டார் ரூம் பாயின்டும் ஒரே பேஸில் இருக்கின்றனவா? டிபி-யில் ஒரு பேஸின் எம்சிபி-யை இறக்கச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் கரண்ட் சேர்ந்தே போனால் ஒரே பேஸ். இல்லையென்றால், மோட்டார் ரூம் விளக்கு பாயின்டை ரவுட்டர் பேஸுக்கு மாற்றித் தர எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை. ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில் இருந்தாலும், அடாப்டரை ஈபி லைன் பாயின்டிலேயே சொருகுங்கள். கரண்ட் போனால் கேமரா போகும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஒரு ஜோடி மட்டும் வாங்கி, திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் மோட்டார் ஓடும்போது ஒரு தடவை, ஓடாதபோது ஒரு தடவை, இரவில் எல்லா விளக்கும் எரியும்போது ஒரு தடவை வேகத்தைப் பாருங்கள். மூன்றிலும் கேமரா நிற்காமல் ஓடினால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு, மண்ணுக்கடியில் குழாய் போட்டு ஒரு ஈதர்நெட் கேபிள் இழுத்துவிடுங்கள். நாற்பது மீட்டர்தான், அதற்குச் சுவர் எதையும் உடைக்க வேண்டாம்.